முகம் பார்த்துத் திறக்கும் கேட்

லிப்ட்காரரின் அம்மாவுக்குக் குரல் சின்னக் குரல் இல்லை. சினிமா தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழிக்கும் வேலையில் பாதி ஆயுள் நின்றவர். புதுப்படத்துக்கு முண்டியடித்துக்கொண்டு வரும் கூட்டத்தைக் கையால் தொடாமல் வெறும் தொண்டையால் பின்னுக்குத் தள்ளியவர். அப்படிப்பட்டவர் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, ஒரு முற்பகல் முழுக்க மகனைக் கூப்பிட்டார். சுவருக்கு இந்தப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மகனுக்குக் கேட்கவில்லை. இரண்டு காதிலும் இயர்போன். கையில் போன். போனுக்குள் யாரோ ஒரு புண்ணியவான் அழுக்குக் கம்பளம் ஒன்றைக் கழுவிக்கொண்டிருந்தான்.

சும்மா அழுக்கு இல்லை. வெள்ளத்தில் மூழ்கி, மண்ணுக்குள் கிடந்து, தூக்கினால் சேறு ஒழுகுகிற கம்பளம். அதன்மேல் குழாயைத் திருப்பினால் முதலில் கறுப்புத் தண்ணீர் வரும், பிறகு பழுப்பு, பிறகு நுரை, கடைசியில் மெல்ல ஒரு பூ தெரியும். பூ தெரிந்ததும் அடுத்த கம்பளம் தானாக வந்து விழும். லிப்ட்காரர் வீட்டில் கம்பளம் கிடையாது. வாங்கும் எண்ணமும் கிடையாது. ஆனாலும் அவர் கண் முன்னால் இதுவரை கழுவப்பட்ட கம்பளங்களை விரித்தால் ஊரையே மூடிவிடலாம்.

மற்றபடி வேலையில் கெட்டிக்காரர். ஊரில் பாதிக் கட்டடங்களின் லிப்ட்டுகள் அவர் கைபட்டு ஓடுபவை. இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்டு மணி அடிக்கிறவர்களிடம், கதவிடுக்கில் வாயை வைத்து, "பயப்படாதீங்க, நான் வந்துட்டேன்" என்பார். உள்ளே அழுகை நின்றுவிடும். அம்மாவிடம் அடிப்பதற்கு மணி இல்லை, குரல்தான் இருந்தது.

தற்செயலாக வந்த அக்காதான் குளியலறைக் கதவைத் தள்ளித் திறந்து அம்மாவைத் தூக்கினாள். ஆஸ்பத்திரியில் அம்மாவின் கட்டிலருகே தம்பி குனிந்த தலையோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, வருத்தப்படுகிறான் என்று நினைத்தாள். கிட்டே போனால் மடியில் போன், போனில் கம்பளம். அக்காவுக்குக் கண்மண் தெரியாமல் கோபம் வந்தது. நியாயம்தான். ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்க்கப் பார்க்க லிப்ட்காரரின் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று புரண்டது, அதற்குப் பெயர் தெரியவில்லை, பெயர் தெரியாத எது புரண்டாலும் கை போனுக்குப் போய்ப் பழகிவிட்டது. இதையெல்லாம் எடுத்துச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சொன்னாலும் கேட்கிற நிலையில் அக்கா இல்லை.

"அம்மா இனிமே என் வீட்டுல இருக்கட்டும். நீ குணமாகிட்டு வா. வாயால சொல்லாத, எழுத்துல வாங்கிட்டு வா. அப்புறம் கதவத் திறக்கறேன்" என்றாள்.

லிப்ட்காரருக்கு அம்மாவிடம் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான். "கேக்கலம்மா." அதைச் சொல்ல அந்தக் கதவு திறந்தாக வேண்டும். அதற்காகத்தான் அவர் இணைய அடிமைகளுக்கான உணர்வு ஒழுங்கமைப்பு உயர்மையத்தில் போய்ச் சேர்ந்தார்.

மையத்தின் கேட்டுக்குப் பூட்டு கிடையாது. ஒரு கேமரா மட்டும் இருந்தது. முகத்தைக் காட்டினால், அந்த முகத்தில் இருக்கும் உணர்ச்சியைப் படித்து, அமைதியோ நிறைவோ தெரிந்தால் மட்டும் கேட் வெளியே போக விடும். கலங்கிய மனதோடு யாரும் உலகத்துக்குள் போய்விடக் கூடாது என்பது மையத்தின் கொள்கை. உள்ளே வருவதற்கு எந்த முகமும் போதும். வாட்ச்மேன் பிறவியிலேயே வாயோரம் தொங்கின முகக்காரர். கேமரா அவரை எப்போதும் துக்கம் என்றே படித்தது. வேலை முடிந்து வீட்டுக்கு எப்படிப் போகிறீர்கள் என்று லிப்ட்காரர் கேட்டதற்கு, பின்பக்கச் சுவரேறிக் குதித்துத்தான் போகிறேன், மேலிடத்துக்கும் தெரியும் என்றார்.

இயக்குநர் தன் அறையில் வரவேற்றார். எதிர்ச்சுவர் முழுக்க ஒரு பெரிய திரை. அதில் மையத்தில் இருக்கும் ஒவ்வொருவரின் உணர்ச்சியும் வண்ணப் புள்ளியாக மினுக்கிக்கொண்டிருந்தது. மகிழ்ச்சி மஞ்சள், கோபம் சிவப்பு, நிறைவு பச்சை. இயக்குநர் பேசியது லிப்ட்காரரிடம், பார்த்தது திரையை.

"உங்க போனைக் குடுத்துடுங்க. போன் மனுஷனோட உணர்ச்சியத் தின்னுடுது. எனக்கெல்லாம் அதப் பாத்தாலே ஆகாது" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். போனை வாங்கி உறையில் போட்டு ஒட்டினார்கள். பிறகு ஒரு நாடாவில் கோத்த இன்னொரு கருவியை லிப்ட்காரரின் கழுத்தில் மாட்டினார்கள். கறுப்பாக, செவ்வகமாக, கண்ணாடி முகத்தோடு இருந்தது. லிப்ட்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுவும் போன் மாதிரியே இருக்கே சார்?"

"மாதிரி இருக்கும். ஆனா இல்ல. போன்னா நீங்க அதப் பாப்பீங்க. இது உங்களப் பாக்கும். இதுக்குப் பேர் உணர்வுத்துணை."

உணர்வுத்துணையை இயக்கும் முறையை ஆலோசகர் அம்மா சொல்லிக்கொடுத்தார். நல்ல மனுஷி, பேச்சும் இதமாக இருந்தது. பேச்சுக்கு நடுவே அவர் கழுத்திலிருந்த கருவி கிணுகிணுக்கும்போதெல்லாம் மட்டும் குனிந்துகொள்வார். முகம் மாறினால் கருவி கண்டுபிடித்து ஒலி எழுப்பும். உடனே எடுத்து, பட்டியலில் பார்த்து, இப்போது உணர்வது எது என்று அழுத்த வேண்டும். கருவி முகத்தைப் படித்துச் சரிபார்க்கும். சரியென்றால் ஒரு நட்சத்திரம் விழும். அதற்குப் பிறகுதான் அழுவதோ சிரிப்பதோ எழுந்து போவதோ. முதலில் பதிவு, அடுத்து ஒழுங்கு, கடைசியில் செயல். சாப்பாட்டு அறை, படுக்கையறை, கழிப்பறை என எல்லாச் சுவரிலும் இதை எழுதியிருந்தார்கள்.

கழிப்பறைச் சுவரில் எழுதியிருந்ததை லிப்ட்காரர் அன்றைக்கே படிக்க நேர்ந்தது. உள்ளே கால் வைத்தவர் அதே காலோடு வெளியே வந்தார். அடைத்துக்கொண்ட கோப்பைகளில் யார் யாருடையதோ மிதந்தது. தரையில் கணுக்கால் அளவுக்கு ஏதோ தேங்கியிருந்தது, தண்ணீர் என்று அதைச் சொல்ல முடியாது. கருவி ஒலித்தது. பட்டியலை மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் தேடிப் பார்த்துவிட்டு ஆலோசகர் அம்மாவிடம் போனார்.

"மேடம், வயித்தப் பொரட்டுது. கிட்டப் போகவே கூசுது. இதுக்கு எத அழுத்தறது?"

ஆலோசகர் அம்மா யோசித்தார். "அது அருவருப்பு சார். அது இப்ப இல்ல."

"இல்லையா?"

"போன வருஷம் வரைக்கும் இருந்துச்சு. எல்லாரும் அதையே அழுத்திட்டிருந்தாங்க. வருஷ அறிக்கையில பாக்கவே நல்லா இல்ல. இயக்குநர் சார் உடனே நடவடிக்கை எடுத்தாரு."

"கழிப்பறையச் சரி பண்ணிட்டாரா?"

"இல்ல சார். அருவருப்ப எடுத்துட்டாரு."

"அப்ப எனக்கு வந்தா?"

"வராது சார்" என்றார் ஆலோசகர் அம்மா கனிவாக. "அதான் பட்டியல்லயே இல்லையே."

இருந்தும் வந்தது. மூக்கு சுருங்கி, மேலுதடு ஏறி, பல் தெரிந்தது. அந்த முகத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று கருவி கொஞ்சம் தடுமாறியது. அருவருப்புக்கு இடமில்லாததால், பல் தெரிகிற முகங்களில் இருப்பதற்குள் கிட்ட வருவது எதுவோ அதில் கொண்டுபோய்ச் சேர்த்தது. "நிறைவு" என்றது. ஒரு நட்சத்திரமும் விழுந்தது.

பக்கத்துக் கட்டில் பார்சல் சாருடையது. பேங்கு மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். நாள் முழுக்க ஆன்லைனில் எதையாவது வரவழைத்துக்கொண்டே இருந்து, வீட்டுக்குள் நடக்க வழியில்லாமல் போய், மருமகளால் கொண்டுவந்து சேர்க்கப்பட்டவர். நட்சத்திரக் கணக்கில் அவர்தான் முதல். பயம் என்று அழுத்தியபடியே பல் குத்துவார். முகத்தை எப்படி எப்படி வைத்தால் கருவி ஏமாறும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. துக்கத்துக்கு நட்சத்திரம் அதிகம், ஆனால் காலையில் போட்டுவிட வேண்டும், சாயங்காலம் எல்லாரும் துக்கம் போடுவதால் மதிப்பு குறைந்துவிடும் என்று லிப்ட்காரருக்கு யோசனை சொன்னார். இவ்வளவு நட்சத்திரத்தை வைத்து என்ன செய்வீர்கள் என்று லிப்ட்காரர் கேட்டார். பார்சல் சாரின் முகம் ஒரு கணம் உண்மையாகவே வாடியது. கருவி ஒலித்தது. சந்தோஷமாகக் குனிந்துகொண்டார்.

இங்கே யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை என்பதைக் கவனிக்க லிப்ட்காரருக்குச் சில நாள் பிடித்தது. பார்க்க நேரமில்லை. சாப்பாட்டு மேஜையில் ஒருவர் தேம்பினால், தேம்புகிறவரும் குனிந்திருப்பார், சுற்றி இருப்பவர்கள் அதைக் கேட்டுத் தங்களுக்கு வந்த இரக்கத்தைப் பதிவு செய்யக் குனிந்திருப்பார்கள். இரக்கத்துக்குத் தனி நட்சத்திரம். தண்ணீர் எடுத்துக் கொடுத்தால் நட்சத்திரம் கிடையாது. அதனால் யாரும் கொடுக்கவில்லை.

அழுவதற்கு ஒரு அறை ஒதுக்கியிருந்தார்கள். மெத்தை போட்ட சுவர், குளிர்சாதனம், வாசலில் டோக்கன். ஒரு நாள் அக்கா மையத்துக்குப் போன் செய்து சொன்ன சேதியை ஆலோசகர் அம்மா வந்து சொன்னார். அம்மா எழுந்து நிற்கப் பயிற்சி எடுக்கிறாராம், வலியில் கத்தாமல் பல்லைக் கடித்துக்கொள்கிறாராம். கத்திப் பழகின அம்மா கத்தவில்லை என்றதும் லிப்ட்காரருக்குக் கண் முட்டியது. பதிவு செய்து, டோக்கன் வாங்கி, அழுகை அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். முந்தைய டோக்கன்காரர் பார்சல் சார், உள்ளே குளிர்சாதனத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். முறை வந்து உள்ளே போனபோது அழுகை போன இடம் தெரியவில்லை. ஒதுக்கிய நேரத்தை வீணாக்கியதாக அவர் பெயருக்கு எதிரே குறித்துக்கொண்டார்கள்.

அந்த வாரமே கழிப்பறை அடைப்பு தன் சக்திக்கு மீறி, ஒரு காலையில் கதவைத் தாண்டி நடைபாதைக்கு வந்தது. நிதானமாக வந்தது. செருப்புகளைத் தூக்கிக்கொண்டு, படுக்கையறை வாசல் வழியாக, சாப்பாட்டு அறைப் பக்கம் திரும்பியது. எல்லாரும் பெஞ்சின்மேல் ஏறிக்கொண்டார்கள். எல்லார் மூக்கும் சுருங்கியது, எல்லார் உதடும் ஏறியது, எல்லார் பல்லும் தெரிந்தது. கழுத்துகளில் கருவிகள் ஒருசேரக் கிணுகிணுத்தன. பார்சல் சார் மூக்கை ஒரு கையால் பொத்திக்கொண்டு மறுகையால் அழுத்திக்கொண்டிருந்தார்.

இயக்குநர் ஓடோடி வந்தார். நடைபாதையின் உலர்ந்த முனையில் நின்றார். கையிலிருந்த பலகைத் திரையில் கண். மையம் தொடங்கியதிலிருந்து இப்படி ஒரு பச்சையை அவர் பார்த்ததில்லை.

"அத்தனை பேரும் நிறைவு. ஒருத்தர் விடாம. இன்னிக்குக் காலையில என்ன பண்ணீங்களோ, ஆய்வுக்குழு வந்துட்டுப் போற வரைக்கும் தினமும் அதையே பண்ணுங்க" என்று சொன்னார். பின்னால் பிளம்பர் ஒருவர் குழாய்க் கம்பியோடு நின்றிருந்தார். அவரை ஆய்வு முடிந்தபிறகு வரச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் லிப்ட்காரர் பொறுத்துக்கொண்டார். நாற்றத்தைப் பொறுத்துக்கொள்வதில் ஒன்றும் குறைந்துபோகாது, அம்மாவிடம் போக வழி இது ஒன்றுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கருவியோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு, ஒலித்தால் குனிந்தார். முதலில் நினைத்துக் குனிந்தார். போகப்போக நினைக்காமலே குனிந்தார். கம்பளம் ஞாபகமே வருவதில்லை என்று ஆலோசகர் அம்மாவிடம் சொன்னபோது அவருக்கு உச்சி குளிர்ந்துபோனது.

சான்றிதழ் கொடுக்கும் நாள் குறித்தாயிற்று. ஆய்வுக்குழுவும் அன்றைக்கே வருகிறது. குணமானவரும் குடும்பமும் மேடையில் சந்தித்துக்கொள்ளும் நிகழ்ச்சிக்கு லிப்ட்காரரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அக்கா அம்மாவை அழைத்துவரச் சம்மதித்திருந்தாள். அம்மா உனக்கு ஒன்று காட்டணும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள், என்னவென்று என்னைக் கேட்காதே என்று அவள் சொல்லியனுப்பியதை ஆலோசகர் அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார். பிறகு, அம்மாவிடம் மேடையில் என்ன பேசப்போகிறீர்கள் என்று கேட்டார்.

"கேக்கலம்மா. அவ்ளோதான் மேடம்."

அது ஒழுங்குபடாத வாக்கியம் என்று ஆலோசகர் அம்மா வருத்தப்பட்டார். சாயங்காலத்துக்குள் திருத்தியும் கொண்டுவந்தார். "அந்நிகழ்வின்போது என் கவனம் வேறொரு தூண்டலின் வசம் இருந்தமையை நான் இன்று விழிப்புணர்வோடு ஏற்கிறேன்." லிப்ட்காரர் மனப்பாடம் செய்தார். மேடையில் இதைச் சொல்லிவிட்டு, கீழே இறங்கியதும் அம்மா காதில் தன்னுடையதைச் சொல்லிக்கொள்ளலாம் என்பது அவர் திட்டம்.

விழா நாளில் கழிப்பறைக் கதவுக்கு முன்னால் பூந்தொட்டிகளை அடுக்கி மறைத்திருந்தார்கள். நாற்றத்தை மறைக்க முடியவில்லை. ஆய்வுக்குழுவினர் நுழைந்ததும் அவர்கள் மூக்கும் சுருங்கியது. வாசலில் கேமராவோடு வைத்திருந்த திரை அவர்களையும் பச்சையாகக் காட்டியது. அதைப் பார்த்து அவர்களே வியந்துபோனார்கள்.

இயக்குநர் மைக்கைப் பிடித்தார். "முன்னாடி இவங்க போனைப் பாத்துப் பாத்து உணர்ச்சிய மறந்துட்டாங்க. இன்னிக்கு? ஒரு உணர்ச்சி வந்தா போதும், உடனே குனிஞ்சு கருவியப் பாக்குறாங்க. பெத்தவங்களே எதிர்ல நின்னாலும் பதிவு பண்ணாம நிமிர மாட்டாங்க. அந்தக் கட்டுப்பாட்ட நாங்க குடுத்திருக்கோம்." கைதட்டினார்கள். கைதட்ட முடியாதவர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு அரங்கத்தின் பின்கதவு திறந்தது. சக்கர நாற்காலியில் அம்மா. தள்ளிக்கொண்டு அக்கா. அம்மா இளைத்திருந்தார். விசேஷத்துக்குக் கட்டும் பட்டுப் புடவையைக் கட்டியிருந்தார். நடுவழியில் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். அக்காவின் கையைத் தட்டிவிட்டார். நாற்காலியின் இரண்டு கைப்பிடியையும் அழுத்தி, எழுந்து நின்றார்.

மேடையில் லிப்ட்காரரின் நெஞ்சுக்குள் ஆஸ்பத்திரியில் புரண்ட அதே ஒன்று புரண்டது. கழுத்தில் கருவி கிணுகிணுத்தது. தலை தானாகக் குனிந்தது.

மகிழ்ச்சியா? தொட்டுப் பார்த்தார், கருவி ஏற்கவில்லை. துக்கம்? ஏற்கவில்லை. பயம், வியப்பு, இரக்கம் எல்லாம் பார்த்தாயிற்று. கட்டைவிரல் ஏறி இறங்கியது.

"டேய்" என்று அம்மா கூப்பிட்டார்.

காதில் இயர்போன் இல்லை. இந்த முறை கேட்டது. தியேட்டர் வாசல் குரல், கொஞ்சம் தேய்ந்திருந்தாலும் அதே குரல், அரங்கத்தின் கடைசிச் சுவர் வரைக்கும் கேட்டது.

"டேய், இங்க பாருடா."

"இதோம்மா, ஒரு நிமிஷம்" என்றார் லிப்ட்காரர்.

எதையோ அழுத்தி, ஏதோ ஒரு நட்சத்திரம் விழுந்து, நிமிர்ந்தபோது அம்மா நாற்காலியிலிருந்து தள்ளி, வழியின் நடுவே தரையில் உட்கார்ந்திருந்தார். புடவை மடங்கிக் கால் தெரிந்தது. சுற்றிலும் இருந்தவர்கள் போனை உயர்த்திப் பிடித்தபடி நின்றார்கள். யாரும் குனியவில்லை. அக்கா மட்டும் நாற்காலியை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடி வந்து அம்மாவை அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். எங்காவது அடிபட்டதா என்று கேட்டாள்.

"அடியெல்லாம் இல்ல. வாடி போலாம்" என்றார் அம்மா. "அவனுக்கு வேலை இருக்கு."

லிப்ட்காரர் மேடையிலிருந்து இறங்கப் பார்த்தார். இயக்குநர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். ஆய்வுக்குழுத் தலைவர் சான்றிதழோடு காத்திருக்கிறார், படம் எடுக்காமல் எப்படிப் போவது. இப்படி ஒரு நேரத்திலும் பதறாமல் பதிவை முடித்த மன உறுதியை அரங்கம் முழுக்கப் பார்த்ததாக மைக்கில் சொன்னார். லிப்ட்காரர் கையை உதறிக்கொண்டு வாசலுக்குப் போனபோது ஆட்டோ தெருமுனையில் திரும்பிவிட்டது. உள்ளே திரும்பி வந்தவரை இயக்குநர் தோளில் தட்டிக்கொடுத்தார்.

"அம்மா நடந்தத நீங்க பாக்கலன்னு கவலப்படாதீங்க. எல்லாக் கோணத்துலயும் எடுத்து வெச்சிருக்கோம். உங்க கருவிக்கே அனுப்பியாச்சு. எத்தன தடவ வேணும்னாலும் பாத்துக்கலாம்."

அம்மா நடந்தாரா?

பூந்தொட்டிகளுக்குப் பக்கத்தில், காலியான நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்து லிப்ட்காரர் பார்த்தார். அம்மா நடந்திருந்தார். பிடிமானம் இல்லாமல், ஒரு கையை முன்னால் நீட்டிக்கொண்டு, நடை பழகும் பிள்ளை போல அகட்டி அகட்டிக் கால் வைத்து வந்திருந்தார். முகமெல்லாம் சிரிப்பு. இதைக் காட்டத்தான் அத்தனை நாள் பல்லைக் கடித்திருந்தார். "இங்க பாருடா" என்றபோது அந்தச் சிரிப்பு இருந்தது. அதற்குப் பிறகு வந்த ஆண்குரலைக் கேட்டதும் சிரிப்பு நின்றது. கால் தயங்கியது. அப்புறம் மடங்கியது.

இன்னொரு தடவை பார்த்தார். இந்தத் தடவை படத்தின் ஓரத்தில், மேடைமேல் நிற்கும் ஆளைக் கவனித்தார். கழுத்து தொங்கி, வாய் பாதி திறந்து, கட்டைவிரல் மட்டும் உயிரோடு இருந்த ஓர் ஆள். எதிரே பெற்றவள் எழுந்து நடந்து வருகிறாள். அவன் சொல்கிறான், ஒரு நிமிஷமாம்.

வயிற்றைப் புரட்டியது. இந்த நடைபாதையில் மிதந்துவந்த எதைப் பார்த்தும் இப்படிப் புரட்டியதில்லை. குழாயைப் பிடித்துக் கழுவக்கூட அங்கே ஒரு கம்பளமில்லை, ஆள்தான் இருந்தான். கருவி கிணுகிணுத்தது. பட்டியல் விரிந்தது. லிப்ட்காரருக்குப் பட்டியல் தேவைப்படவில்லை. மூன்றாவது தடவை பார்க்கச் சொல்லி விரல் தானாக நகர்ந்தது. அந்த விரலைப் பார்த்தபோது அதன்மேலும் குமட்டல் வந்தது. கருவியைக் கழுத்திலிருந்து கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தார்.

கேட்டருகே வாட்ச்மேன், சான்றிதழ் கையில் இருக்கிறதா என்று கேட்கவில்லை. முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. இந்த மூஞ்சிக்கு ஜென்மத்துக்கும் இது திறக்காது சார், பின்பக்கச் சுவரைக் காட்டுகிறேன், கால் வைக்க இரண்டு செங்கல் பெயர்த்து வைத்திருக்கிறேன் என்றார். அதற்குள் லிப்ட்காரர் கேமராவுக்கு நேரே போய் நின்றுவிட்டார். மூக்கு சுருங்கியிருந்தது. உதடு ஏறியிருந்தது. பல் தெரிந்தது. அந்த முகத்தை மாற்ற அவருக்குத் தெம்பில்லை, மனமும் இல்லை.

கேமரா படித்தது. பச்சை விளக்கு எரிந்தது.

"நிறைவு" என்றது ஒரு பெண் குரல். "நீங்கள் முழுமையாகக் குணமடைந்துவிட்டீர்கள். வாழ்த்துகள். சென்று வருக."

கேட் திறந்தது. வாட்ச்மேன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார், அதாவது லிப்ட்காரரையும் கேமராவையும்.

அக்கா வீடு தூரம். நடந்தே போனார். இத்தனை நாள் நாக்கு நுனியில் வைத்திருந்த "கேக்கலம்மா" இனி உதவாது என்பது பாதி வழியில்தான் உறைத்தது. அது அன்றைக்கு உண்மை, இன்றைக்குப் பொய். இன்றைக்குக் கேட்டது. கேட்டும் நின்றார். இதைச் சொல்வது முன்னதைவிடக் கஷ்டம். திருத்தித் தர ஆலோசகர் அம்மாவும் பக்கத்தில் இல்லை.

அக்கா வீட்டுக் கதவைத் தட்டினார். சான்றிதழைக் கொண்டுவரவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"யாரது?" என்று உள்ளேயிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

"நான்தாம்மா. கேட்டுச்சும்மா. நீ கூப்பிட்டது கேட்டுச்சு. கேட்டும் நின்னுட்டேன்."

உள்ளே காலடிச் சத்தம் கதவுவரை வந்தது. அக்கா தாழ்ப்பாளில் கை வைக்கும் ஓசை வந்தது. வைத்த கை அப்படியே நிற்க, அம்மா சொன்னது கதவைத் தாண்டி, தெருவில் போகிறவர்களுக்கும் கேட்டிருக்கும்.

"ஒரு நிமிஷம்னு சொல்லு அவன்கிட்ட."

தாழ்ப்பாளிலிருந்து கை விலகியது.

லிப்ட்காரரின் வலது கை சட்டைப்பைக்குப் போனது. பை காலி. கழுத்துக்குப் போனது. அங்கேயும் ஒன்றுமில்லை. கையில் எதுவும் இல்லாமல், மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு நிற்பது எப்படி என்பது அவருக்கு மறந்துபோயிருந்தது. இரண்டு கையையும் தொங்கவிட்டபடி, கதவைப் பார்த்து நின்றார்.